கொரியரில் வரவேண்டிய விருது

முறுக்குப் பொட்டலம் போடும் இடத்தில் செல்போன் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். என்னோடு பொட்டலம் போடும் செல்வி தன் போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்திருப்பாள். அவர் வந்தால் கவிழ்த்துவிடுவாள். அவருக்கும் தெரியும். அதனால் வாசலிலேயே இருமிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஆட்டையாம்பட்டியில் முறுக்குப் போடும் இடங்களில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

போன வாரம் அந்தப் போனில் ஒரு விருது விழா ஓடியது. முழுசாக இல்லை, துண்டு துண்டாக. ஒருவன் மேடையேறி விருது வாங்கினான். அடுத்த துண்டில் யாரோ மீன் குழம்பு வைத்தார்கள். அது முடிந்ததும் இன்னொருத்தி விருது வாங்கினாள். பாட்டுக்கு விருது கொடுக்கிற விழாதான். ஆனால் பாட்டைக் காணோம். நல்ல உடுப்புக்கு ஒரு விருது, போனில் நிறையப் பேர் பார்த்ததற்கு ஒரு விருது, வருகிற வருடம் பெரிய ஆளாக வரப்போகிறவருக்கு ஒரு விருது. வெறும் கையோடு போனவர் யாரும் இல்லை.

"இத ஆரு பாக்கறா?" என்று கேட்டேன்.

"ஆரும் பாக்கறதில்லீங்கக்கா. அதுவா வருது" என்றாள் செல்வி.

அதுவாக வருகிற எதையும் நான் நம்புவதில்லை. முறுக்கை எடுத்துப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டே பார்த்தேன். மேடைக்கு மேலே எழுதியிருந்த பேரைப் படித்ததும் கை நின்றுவிட்டது. நமக்குத் தெரிந்த விழாதான். தனியார் டிவி ஒன்று வருடா வருடம் நடத்துவது. அதன் பேர் இங்கே வேண்டாம். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் அதற்குப் பேரே தேவைப்படவில்லை. விருது என்றால் அதுதான்.

முறுக்குச் சுடுகிற எண்ணெய்க்கும் தறிக்கு விடுகிற எண்ணெய்க்கும் வாசத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டும் கையை விட்டுப் போகாது. சோறு பிசையும்போது மணக்கும். தறி ஓட்டிய காலத்தில் எனக்கு எந்தச் சாப்பாடும் தறி எண்ணெய் வாசத்தோடுதான் இறங்கும். பாயசம்கூட. இப்போது எல்லாம் எள்ளு வாசத்தோடு இறங்குகிறது. சம்பளத்தைக் கேட்டால் சொல்லமாட்டேன். வாசத்தில் முன்னேறியிருக்கிறேன்.

நான் ஓட்டியது விசைத்தறி. ஊருக்கு மேற்கே மேட்டில் இருந்த ஷெட். தகரக் கூரை. உள்ளே தறிகள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே காதுக்கு வேலை இல்லை. பேசுவதைக் கண்ணால்தான் கேட்கவேண்டும். வாயைப் பெரிதாகத் திறந்து, உதட்டை நன்றாக ஒட்டிப் பிரித்துப் பேசுவோம். ஷெட்டின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் குழம்பில் புளி தூக்கலாகிவிட்டதைச் சொல்லமுடியும். அங்கே இருப்பவள் சிரிப்பாள். தறி பாட்டுக்கு ஓடும்.

கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரர், "ஏன் என்ற வாயவே பாத்துட்டு இருக்கற?" என்று கேட்டு வெட்கப்பட்டார். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ. அவர் என்ன சொல்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். மீசை வைத்தவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கும். எங்கள் தறி மேஸ்திரிக்கு மேல் உதடே தெரியாத மீசை. அவர் சொன்னதை நான் என்றைக்குமே பாதிக்கு மேல் நம்பியதில்லை.

கோமதி எனக்குப் பக்கத்துத் தறி. என்னைவிடச் சின்னவள். வேலை செய்துகொண்டே பாடுவாள். அவள் பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம், கேட்டதில்லை. என்ன பாட்டு என்று உதட்டில் தெரியும். நன்றாகப் பாடுகிறாளா என்பது எப்படித் தெரியும்? ஒரு நாள் திடீரென்று கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒரேயடியாக நின்றது. அவள் குரல் மட்டும் நிற்கவில்லை. பாட்டின் நடுவில் இருந்தாள். தறி நின்றதையே அவள் கவனிக்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். ஷெட் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. மேஸ்திரி கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார்.

கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு கரண்ட் போனால் எங்களுக்குச் சந்தோஷம். தறி முதலாளிக்குத்தான் வருத்தம்.

அப்புறம் மாரியம்மன் பண்டிகையில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர் ஒருவர் அவளைப் பாடவைத்தார். திருச்செங்கோடு, ராசிபுரம் என்று பண்டிகைக்குப் பண்டிகை கூட்டிப் போனார். அங்கே கேட்ட யாரோ மெட்ராசில் யாரிடமோ சொல்லி, ஒரு சின்னப் படத்தில் ஒரு பாட்டுப் பாடினாள். படம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. பாட்டு மட்டும் எங்கள் மினிபஸ்களில் ஓடிக்கொண்டே இருந்தது. சேலம் போகும் பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால் நான் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

அந்த வருடம் விருதில் புதுக்குரல் என்று ஒரு பிரிவு. அதில் கோமதி பேர் வந்தது. அவளோடு இன்னும் சில பேர்கள். செல்போனில் ஓட்டுப் போடவேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் ஷெட்டில் மேஸ்திரியிடம்தான் போன் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்போம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பட்டனாகத் தேடி அமுக்குவார். ஒரு தரம் தவறிப்போய்ப் பட்டியலிலேயே இல்லாத எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டார். அதற்கும் "உங்கள் ஓட்டு பதிவானது, நன்றி" என்று பதில் வந்தது.

"பாருங்க, தப்பாப் போட்டாக்கூட எடுத்துக்கறான். மருவாதி தெரிஞ்சவன்" என்றார் மேஸ்திரி.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. இல்லாத ஆளுக்குப் போட்ட ஓட்டு எங்கே போய்ப் பதிவாகும்? கேட்டேன். "நீ ஒருத்தி" என்றார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கிய பாதி அது.

கோமதியை மெட்ராசுக்கு வரச் சொன்னார்கள். போய்விட்டுத் திரும்பி நேராகத் தறிக்குத்தான் வந்தாள். பெட்டியை வீட்டில் வைத்ததோடு சரி. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முழுக் கதையையும் அவள் வாயைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"குடுத்துட்டாங்கக்கா. எனக்குத்தான் குடுத்தாங்க. கண்ணாடியில குருவி மாதிரி செஞ்சிருந்துச்சு. நல்ல கனம்."

"எங்க அது?"

"மேடைய உட்டு எறங்குனதும் ஒருத்தர் வாங்கிக்கிட்டாருங்க. பேர் பொறிக்கோணுமாம். கொரியர்ல வரும்னு சொன்னாரு."

என் முகம் எப்படி ஆனதோ, அவள் உடனே அடுத்ததைச் சொன்னாள். "ஒரு கூத்துங்கக்கா. மைக்கக் குடுத்துப் பேசச் சொன்னாங்க. நம்ம ஷெட்டுல பேசற மாதிரியே கத்திப்போட்டேன். மைக்கு கீச்சுன்னுச்சு. மொதல் வரிசையில ஒருத்தரு காதப் பொத்திக்கிட்டாரு. எல்லாருஞ் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"என்ன பேசுன?"

"என்னத்தையோ பேசுனேன். உங்களயுஞ் சொன்னேனக்கா."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு அறுந்த இழையைப் பிடித்தேன். மெட்ராசில் அவ்வளவு பெரிய மேடையில் என்னை எதற்குச் சொல்லப்போகிறாள்? வாய் வார்த்தைக்குச் சொல்வதுதானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. ஆனாலும் அன்றைக்கு எல்லோரும் ஷெட்டுக்கு வந்தோம். முதலாளி தன் வீட்டு டிவியைத் தூக்கிவந்து நூல் பெட்டிகளின் மேல் வைத்தார். கேபிள்காரர் ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார். பூ வைத்து, நல்ல சேலை கட்டி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தோம். ஆர்க்கெஸ்ட்ராக்காரர் கையில் ஒரு போஸ்டர் கட்டு. விருது பெற்ற பாடகி கோமதி என்று முந்தின நாளே அடித்துவிட்டார்.

டிவி மூலையில் நேரலை என்று எழுதியிருந்தது. கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவள் இங்கே இருக்கும்போது அது எப்படி நேரலை? அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நீங்களும் அந்த விழாவைப் பார்த்திருப்பீர்கள். அப்போது உண்மையிலேயே நன்றாக இருக்கும். பாடினவர்களே நின்று பாடுவார்கள். வயலின் வாசிப்பவர்களைக் காட்டுவார்கள். விருது உறையைப் பிரிக்கும் முன்பு ஒரு மத்தளம் உருளும். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் டிவியை நெருங்கி உட்காருவோம்.

மத்தளம் உருண்டது. புதுக்குரல் என்றார்கள். வேறு ஒரு பெண் எழுந்து மேடைக்கு வந்தாள். கண்ணாடிக் குருவியை வாங்கினாள். மெல்லிய குரலில் நன்றி சொன்னாள். மைக் கீச்சிடவில்லை. யாரும் காதைப் பொத்தவில்லை.

ஷெட்டில் கரண்ட் போனது போல இருந்தது.

"எனக்குக் குடுத்தாங்க" என்றாள் கோமதி. டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள். எங்களைப் பார்த்து இல்லை.

நான் ஒன்றைக் கவனித்தேன். துணியில் கட்டம் திரும்ப வருவது தறிக்காரிக்குத் தப்பாது. முன்னால் ஒரு பாட்டுக்குக் கைதட்டும்போது, கூட்டத்தில் தடித்த மனிதர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து அம்மாள் தலைமுடியை ஒதுக்கினார். இந்தப் பெண்ணுக்குக் கைதட்டும்போதும் அதே மனிதர், அதே துடைப்பு, அதே முடி. படத்தை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் எப்போது வாங்கினாளோ, யார் முன்னால் வாங்கினாளோ. வாய் திறந்து சொன்னேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு ஒரு விருதா? போ சாமி, போய் ஊட்டு வேலயப் பாரு."

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெண் விளம்பரக்காரர் யாருக்காவது வேண்டியவளாக இருக்கலாம். கோமதி கத்தினதில் சத்தம் கெட்டுப்போய், இது டிவிக்கு ஆகாது என்று தள்ளியிருக்கலாம். இல்லை, கோமதி சொன்னதே பொய்யாகவும் இருக்கலாம். நான் அவளை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த டிவியை நம்பவில்லை. அதுமட்டும் நிச்சயம்.

மறுநாளில் இருந்து மேஸ்திரி ஆரம்பித்தார். "ஏங் கோமதி, கொரியர் வந்துச்சா? வண்டி ஓமலூர்ல பஞ்சராமே." அவள் முதலில் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நாளில் அது ஷெட் பேச்சாகிவிட்டது. தறிக்குக் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் எப்போது வரும் என்றால், கொரியர்ல வரும். தீபாவளிக்குப் போனஸ் உண்டா என்றால், கொரியர்ல வரும். யார் எதைச் சொன்னாலும் நம்பிக்கை இல்லையென்றால் அந்த ஒரு வார்த்தைதான். பெருக்குகிற பெண்கூடச் சொன்னாள். சொல்லும்போது கோமதி பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்கவேண்டியதே இல்லை. அவளுக்கு உதட்டில் தெரிந்துவிடுமே.

ஆர்க்கெஸ்ட்ராக்காரர் போஸ்டரில் விருது பெற்ற என்ற வார்த்தையின் மேல் காகிதம் ஒட்டினார். பிறகு பண்டிகைக்காரர்கள், எந்த விருது, யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள் என்று சொல்லி அவளையே கூப்பிடுவதை விட்டுவிட்டார். கோமதி தறியில் பாடுவதை நிறுத்தினாள். கரண்ட் போனால் ஷெட்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த தை மாதம் வேலூர்ப் பக்கம் வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். சேலம் ஜில்லாவிலும் நாமக்கல் ஜில்லாவிலும் யாருக்கும் வேலூர் என்றால் காவிரிக்கரையில் இருக்கும் பரமத்தி வேலூர்தான். அங்கே போனவள் பிறகு எங்கேயும் பாடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் விருது வந்தபோது முதலாளி டிவியைக் கொண்டுவந்தார். பாதிப்பேர்தான் வந்தோம். மத்தளம் உருண்டபோது மேஸ்திரி, "கொரியர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் மத்தளத்துக்கு யாரும் நெருங்கி உட்காரவில்லை. அதற்கும் அடுத்த வருடம் டிவி வரவில்லை. வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வயலின்காரர்களைக் காணோம். பாடினவர்களே உதட்டை மட்டும் அசைத்தார்கள். எனக்கா தெரியாது? பாட்டு ஒரு பக்கம் போனது, வாய் ஒரு பக்கம் போனது. செல்போன் வந்துதான் ஜனங்கள் அந்த விழாவை விட்டார்கள் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். எங்கள் ஷெட்டில் அது அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

போன வாரத்துக்கு வருகிறேன். செல்வி போனில் அந்த விழாவின் இன்னொரு துண்டு வந்தது. பழைய வருடங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, மேலே ஏதோ புதுப் பாட்டைப் போட்டிருந்தார்கள். பேசுவது எதுவும் கேட்காது. படம் மட்டும் ஓடும். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். திடீரென்று பச்சைச் சேலையில் கோமதி. மைக் முன்னால். கீழே விளம்பரப் பட்டை ஓடியதால் கையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. முகம் தெரிந்தது. வாய் தெரிந்தது. ஷெட் வாய். அவ்வளவு பெரிதாகத் திறந்து பேசினாள்.

"நிறுத்து. பின்னாடி கொண்டுபோ" என்றேன்.

செல்வி விரலால் இழுத்தாள். மறுபடி பார்த்தேன். மறுபடி இழுக்கச் சொன்னேன். கூடையில் முறுக்கு ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி இருமினார். நான் நகரவில்லை.

முதலில் ப. உதடு ஒட்டிப் பிரிந்தது. பக்கத்துத் தறி. அப்புறம் வாய் அகலமாக, அக்கா. உதடு குவிந்தது. அக்காவுக்கு. கடைசியில் பல் தெரிந்தது. நன்றிங்க.

பக்கத்துத் தறி அக்காவுக்கு நன்றிங்க.

"என்னங்கக்கா சொல்றாங்க? எனக்கு வாய் அசையறதுதான் தெரியுது" என்றாள் செல்வி. அவள் தறி ஓட்டியதில்லை.

மைக்கைக் கொடுத்து நன்றி சொல்லவைப்பது யாரை? விருது வாங்கினவரைத்தானே. வெட்டியெறிந்ததை இத்தனை வருடம் ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தேடி எடுத்துச் சேர்த்தவருக்குக் கதை தெரிந்திருக்காது.

"இத எடுத்து வெய்யி, நாளைக்கு வேணும்" என்று சொன்னேன்.

"எங்கீங்கக்கா போயிரும்? அங்கயேதான் இருக்கும்."

மறுநாள் தேடினாள். இல்லை. பாட்டுக்கு உரிமை வைத்திருப்பவர்கள் சொல்லி எடுத்திருப்பார்கள் என்றாள். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் யாரைப் போய்க் கேட்பது? மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் ஷெட்டில் இப்போது முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கூட வேலை செய்தவர்கள் திருப்பூரிலும் ஈரோட்டிலும் எங்கெங்கோ.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் போய் பஸ் மாறி வேலூர் போனேன். கோமதி தோட்டத்துக் கொட்டகையில் வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பாதி வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா, வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் பார்த்ததைச் சொன்னேன். பச்சைச் சேலை, மைக், எல்லாம். உதட்டில் என்ன படித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை, அவள் வாயில் வருகிறதா பார்ப்போம் என்று. என் புத்தி அப்படி.

கேட்டுக்கொண்டே இருந்தவள், "காட்டுங்கக்கா" என்றாள்.

"இல்ல கண்ணு. மறுநா பாத்தா காணோம்."

வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கொரியர்ல வருமுங்களா?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? பார்த்தேன் என்கிறேன். காட்டு என்றால் கையில் ஒன்றும் இல்லை. அவள் அன்றைக்கு நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன்.

"அன்னிக்கு மைக்குல என்ன பேசுன?" என்று கேட்டேன்.

"அது எதுக்குங்கக்கா இப்ப? மறந்து போச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி வைக்க எழுந்தாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தாள். வெற்றிலை ஒரு கட்டு கொடுத்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரூர் பஸ் ஹாரன் அடித்தது. "போயிட்டு வாரேன்" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கோமதி கீழே நின்று என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவ்வளவு பெரிதாக. முதலில் உதடு ஒட்டிப் பிரிந்தது. அப்புறம் அகலமானது. குவிந்தது. கடைசியில் பல் தெரிந்தது. போனில் பார்த்த அதே வார்த்தைகள், அதே வரிசையில், ஒன்றும் விடாமல்.

பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, இவள் யாரோடு பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு நிறைய ஆட்கள். எங்கள் ஷெட்டாக இருந்திருந்தால் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.